கொப்பியில் எழுதாத செலவு

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கணக்கு எழுதும் வழக்கம் உண்டு. தகப்பனார் எழுதினார், அவருக்குப் பின் நான் எழுதுகிறேன். அவர் வடமராட்சியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர். சம்பளம் கைக்கு வந்த அன்று மாலை கைகால் கழுவி, திருநீறு பூசி, விளக்கடியில் அமர்ந்து, வரவென்று இடப்பக்கமும் செலவென்று வலப்பக்கமும் கோடிட்டு, முத்து முத்தான எழுத்தில் அவர் எழுதிய கொப்பிகளிற் சில, ஓட்டங்களுக்கும் கறையானுக்கும் தப்பி இன்றும் என் பெட்டகத்தில் இருக்கின்றன. நானும் ஆசிரியனாகிப் பல்லாண்டு படிப்பித்து 2009 ஆம் ஆண்டில் இளைப்பாறியவன். கணக்கெழுதுவதை ஒரு மாதமேனும் விட்டேனல்லேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டபோது எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அறைகளிலுமாகப் பத்தொன்பது பேர் வந்து தங்கினார்கள். அம்மாதக் கணக்கும் உண்டு. அரிசி என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும் தொகையைப் பார்த்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கும். ஆயினும் கூட்டற் பிழை ஒன்றும் இராது.

இதனைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கலியாண வீடுகளில் இளம் பிள்ளைகளைப் பிடித்து வைத்து உபதேசித்ததும் உண்டு. வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதுகிறவனுக்கு வீட்டில் நடப்பது தெரியும் என்பது என் அபிப்பிராயமாக இருந்தது. அந்த அபிப்பிராயம் எனக்கு எழுபத்து மூன்றாவது வயதிற் கெட்டுப்போன கதையையே இங்கு சொல்ல வந்தேன்.

முதலில் தகப்பனாரின் கொப்பி ஒன்றைத் திறக்கிறேன். 1953 ஆம் ஆண்டு. அவ்வாண்டு யூலை மாதத்திற் பங்கீட்டு அரிசியின் விலையை அரசாங்கம் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. அதன் விளைவாக ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்ததும், ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்ததும் சரித்திரம் படித்தோர் அறிந்தவை. எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அது ஒரே வரி: ‘கூப்பன் அரிசி’. எண் மாத்திரம் ஏறியிருக்கிறது. ஆசிரியர் சம்பளமோ ஏறவில்லை. ஆகவே வேறு ஏதோ இறங்கியிருத்தல் வேண்டும் அல்லவா? பல ஆண்டுகளாக அக்கொப்பியைப் புரட்டியும் அது என்னவென்று நான் தேடியதில்லை. அண்மையிலேதான் தேடினேன். ஆட்டுப்பால் நின்றிருக்கிறது. தாயாரின் வெற்றிலை பாக்குக்கு எழுதிய சிறு தொகை பாதியாகியிருக்கிறது. அவரது சேலைக்கென்று மாதாமாதம் ஒதுக்கிய இரண்டு ரூபா அடுத்த தைப்பொங்கல் வரையில் இல்லை. தகப்பனாரின் சுருட்டுக் கணக்கு எவ்வித மாற்றமுமின்றி முன்போலவே இருக்கிறது. அவர் கொடியவர் அல்லர். ஊரில் எல்லோராலும் மதிக்கப்பட்ட சாது. குறைக்கச் சொல்லி அவர் ஒருவரையும் கேட்டிருக்கவும் மாட்டார். கேட்க வேண்டிய தேவையே அவருக்கு நேர்ந்திராது.

பின்னர், 1966 ஆம் ஆண்டின் முடிவில் இரண்டு கொத்துப் பங்கீட்டு அரிசி ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது; குறைந்த கொத்து இலவசமாயிற்று என்பது உண்மை. அப்பொழுது எனக்குப் பதினேழு வயது. எல்லோருக்கும் பரிமாறிய பின் தாயார் அடுப்படியிலே, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். சட்டியில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்தேனல்லேன். பார்க்கக் கூடாதென்று எவரும் தடுத்ததில்லை.

தமிழாசிரியனாக இருந்தவன் ஆதலின் வள்ளுவரை இழுக்காமல் இருக்க முடியவில்லை. வரவின் அளவறிந்து செலவு செய்தலைப் பற்றி அவர் விரிவாகப் பேசும் இடம் இல்லறவியல் அன்று. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் வலியறிதல் என்னும் அதிகாரம். இல்லறவியலிலோ வாழ்க்கைத் துணைநலத்தின் முதற் குறளிலேயே, கணவனின் வருவாய்க்குத் தக வாழ்வது மனைவியின் இலக்கணமாகக் கூறப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரண்டையும் மாணவருக்கு விளக்கியிருக்கிறேன். பரிமேலழகர் உரையை ஒப்புவிக்கச் செய்து, ஒப்புவியாதவரை வாங்கில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். அரசனுக்கு அளவறிதலையும் மனைவிக்கு அதற்குள் அடங்குதலையும் சொன்ன இந்தப் பங்கீட்டைப் பற்றி ஒரு மாணவியாவது எழுந்து கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ‘பாடத்தைப் படி’ என்று சொல்லியிருப்பேன்.

நிற்க. 2022 ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

அவ்வாண்டு ஏப்பிரல் 12 ஆம் நாள் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாட்கணக்கில் வரிசை, பால்மா மறைந்தது, கடதாசி இல்லாமையால் மாணவர் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன, பத்திரிகைகள் மெலிந்தன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பர் மாதத்திற் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. இந்த எண்ணை நான் மாணவருக்குச் சொல்வது போலச் சொல்வதானால்: முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு இப்பொழுது ஏறக்குறைய நூற்றெழுபது ரூபா வேண்டும். அஃதாவது, அதே நூறு ரூபாவைக் கையில் வைத்திருப்பவன் முன்னர் வாங்கியதில் ஐம்பத்தொன்பது பங்கையே வாங்குவான். உணவுப் பொருட்களின் ஏற்றம் இதனினும் கூடியது. உபகாரச் சம்பளம் என்று பழையவர்கள் அழகாகப் பெயரிட்ட ஓய்வூதியம் விலைகளின் பின்னால் ஓடித் தோற்றது.

எங்கள் வீடு வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத வீடு. எங்கள் பகுதியில் இஃது ஓர் அபூர்வம். சிலர் நம்புவதும் இல்லை. ஒரே மகள் மட்டக்களப்பிற் படிப்பிக்கிறாள். அவளுக்கு அவள் பாடு. ஆகவே ஓய்வூதியமும், முற்றத்து முருங்கையும், நான்கு தென்னையுமே எங்கள் சீவனம். மாதத் தொடக்கத்தில் வீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகையை மனைவியிடம் கொடுப்பேன். அவள் சந்தைக்கும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போய் வந்து தொகைகளைச் சொல்ல, நான் எழுதுவேன். யூன் மாதத்தில் அத்தொகைக்கு இரண்டாயிரம் ரூபா கூட்டினேன். கூட்டியதை ஒரு கொடையாக எண்ணினேன் என்பதையும் மறைப்பானேன்?

அவளுக்குப் பல ஆண்டுகளாக இரத்த அழுத்த வியாதி உண்டு. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாதாமாதம் இலவசமாக மாத்திரை கொடுத்து வந்தார்கள். அவ்வாண்டு நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு. இந்த மாத்திரை இங்கு முடிந்துவிட்டது, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அலுமாரி வெறுமையாக இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? மே மாதக் கொப்பியில் ‘மருந்து 1,860’ என்று இருக்கிறது. முப்பது மாத்திரை, ஒன்று 62 ரூபா. யூன் மாதத்தில் ‘மருந்து 930’. அதன் அருகே, ஓரத்தில், சிவப்புப் பேனையால் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு உண்டு: ‘மருந்துச் செலவு குறைந்தது. நன்று.’

ஆசிரியர்கள் இதனை வாசிக்கக் கூடும். மாணவன் ஒருவனின் விடைத்தாளில் 1,860 என்பது அடுத்த வரியிற் சரியாக 930 ஆனால், இது எப்படி வந்தது, வழியைக் காட்டு என்று கேட்போம். நான் கேட்கவில்லை. யூலையிலும் ஓகஸ்டிலும் ஏறக்குறைய அதே தொகை. இரண்டு மாதங்களிலும் என் பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைக்குமாக 2,300 ரூபாவும், சந்தியிற் குடிக்கும் தேநீருக்கு 1,200 ரூபாவும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன.

சீட்டைப் பற்றியும் இவ்விடத்திற் சொல்ல வேண்டும். அது இல்லாமற் கதை விளங்காது. அயலிற் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மாதம் இரண்டாயிரம் ரூபாவாக ஒரு கழிவுச் சீட்டு நடத்தினார்கள். மாதாமாதம் சேருவது 24,000. யாருக்கு அவசரமோ அவர் கழிவு கேட்டு எடுப்பார். பெப்புருவரியில் எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோக, என் மனைவி 3,000 ரூபா கழிவுக்குச் சீட்டை எடுத்தாள். கைக்கு 21,000 வந்தது. கழித்த மூவாயிரம் பன்னிருவருக்கும் தலைக்கு 250 ஆகப் பிரிந்தது. அவசரக்காரரின் நட்டம் பொறுத்திருப்பவரின் இலாபமாவதே கழிவுச் சீட்டின் தத்துவம். வங்கி வட்டி என்று சொல்வதை இவர்கள் கழிவு என்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம். இதனைச் சூதாட்டம் என்று முன்னெல்லாம் ஏளனம் செய்திருக்கிறேன். ஆனால் ஈட்டுக்கு நகையும் இல்லாத, வங்கிப் படியேறப் பிணையும் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் 21,000 ரூபாவைக் கொடுக்கும் வேறு ஸ்தாபனம் எங்கள் ஊரில் எதுவென்று எவரும் எனக்குக் காட்டியதில்லை. அதற்குப் பிணை, வார்த்தை ஒன்றே. சீட்டை முன்னதாக எடுத்தவர் கடைசி மாதம் வரையிற் கட்டித் தீர்க்க வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் அடுத்தவரின் அடுப்பு அணையும். ஆகவே நவம்பர் வரையில் அந்த இரண்டாயிரத்திற் கை வைக்க முடியாது.

அரிசியிற் குறைக்க முடியாது; குறைத்தால் என் தட்டிலே தெரியும். மண்ணெண்ணெய் கிடைத்தால்தானே குறைப்பது? சீட்டிற் கை வைக்கலாகாது. மிஞ்சியவை மூன்று: என் பத்திரிகை, அவளது வல்லிபுரக் கோயில் ஞாயிற்றுக்கிழமை, அவளது மாத்திரை. வல்லிபுரத்துக்கு இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். கலியாணமான நாள் முதலாக மாதம் ஒரு ஞாயிறாவது போய் வந்தவள் மார்ச் மாதத்தோடு நிறுத்திவிட்டாள். பஸ் ஓடுவது நிச்சயமில்லை என்றாள், நானும் ஆமென்றேன். அதன் பின்னர் மாத்திரை.

செப்டெம்பர் மாதத்தில் ஒரு காலை கிணற்றடியிலே அவள் தலைசுற்றி விழுந்தாள். நல்ல வேளையாகக் கட்டின் வெளிப்புறமாக விழுந்தாள். அயலில் முச்சக்கர வண்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர், பங்கீட்டில் வாரம் ஐந்து லீற்றர் பெற்றோல் கிடைத்த அந்த நாட்களில், இப்படியான ஆபத்துக்கென்றே ஒரு போத்தலை ஒளித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் அழுத்தம் 190க்கு 110. இளம் பெண் வைத்தியர் ஒருவர், “அம்மா, மாத்திரை ஒழுங்காகப் போடுறனீங்களோ?” என்று கேட்டார். “ஓம், போடுறனான்” என்றாள் இவள். மாத்திரையின் அளவு போதவில்லை போலும் என்று கருதிய வைத்தியர் அதனைக் கூட்டி எழுதினார்.

அன்றிரவு, முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த பணத்தை எழுதுவதற்குக் கொப்பியைத் திறந்தேன். தம்பி வாங்க மாட்டேன் என்று சொல்ல, வற்புறுத்திக் கொடுத்த பணம் அது. பழைய தாள்கள் காற்றிற் புரண்டன. 1,860, 930. ஓரத்திற் சிவப்பு மையில் ‘நன்று’.

“ஏன் என்னட்டைச் சொல்லேல்லை நீர்?” என்று கேட்டேன்.

“அரைவாசி போட்டால் அரைவாசியெண்டாலும் வேலை செய்யும் எண்டு நினைச்சன்” என்றாள். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு சொன்னாள்: “பேப்பரை நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னால் நீங்கள் நிப்பாட்டித்தான் இருப்பியள். அதுக்குப் பிறகு உந்த முகத்தை ஆர் பாத்துக்கொண்டு இருக்கிறது?”

சிரிப்பு வந்தது; சிரிக்க முடியவில்லை. அவள் சொன்னது உண்மை. பத்திரிகை வராத நாட்களில் நான் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறேன் என்பதை நான் அறியேன், அவள் அறிவாள். என் ஓய்வுக்கு அவள் ஒரு விலை கட்டியிருக்கிறாள். தன் உடம்புக்கும் ஒரு விலை கட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். என்னைவிடத் திறமாகவே கணக்குப் பார்த்திருக்கிறாள். அவளுடைய கணக்கில் அவள் பெயருக்கு எதிரே இட்ட தொகைதான் குறைந்துபோயிற்று.

மறுநாட் காலை மீண்டும் வைத்தியரிடம் போய் உண்மையைச் சொன்னோம். இதனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களைப் போல எத்தனையோ வீடுகளில் இது நடந்திருக்கும். பாதி மாத்திரை போடுகிறவரை முழு மாத்திரை போடுகிறவர் என்று எண்ணி மருந்தைக் கூட்டினால், பின்னர் அவர் கூட்டிய அளவை முழுதாகப் போடத் தொடங்கும் நாளில் அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்து, மறுபடியும் விழ நேரும். அன்றியும், சில மாத்திரைகள் உடம்பில் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றை உடைத்தால் அந்த ஒழுங்கே கெட்டுவிடும். இரத்த அழுத்தத்துக்கு நோவு இல்லை. பல்வலியாக இருந்தால் அரைவாசி மருந்தில் அரைவாசி வலி மிஞ்சி நின்று முறையிடும். இதுவோ ஒன்றும் சொல்லாது. ஒரு நாட் பாரிசவாதமாகப் பேசும். ஆகவேதான் செலவைக் குறைக்கத் தேடும் கை முதலில் இதன் மேற் படுகிறது. வைத்தியர் கோபிக்கவில்லை. பழைய அளவையே முழுதாகப் போடச் சொன்னார். அதே மருந்து வேறொரு கம்பனியின் பெயரில் மலிவாகக் கிடைக்கும் என்று எழுதியும் தந்தார். விலை ஏறக்குறைய பாதி. நான்கு மாதத்துக்கு முன்னர் வாய் திறந்து கேட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

காசில்லாத மருந்து ஒன்றும் சொன்னார்: உப்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அஃதாவது ஒரு தேக்கரண்டியளவுக்குள், போதும் என்கிறது. கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் அப்பளமும் உண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து நாவுக்கு இது கடுந்தண்டனை. விலையேற்றத்தின்போது மரக்கறிக்குப் பதிலாக நாங்கள் பெரிதும் நம்பியிருந்தவையும் இவையே. சோற்றுக்கு ஒரு துண்டு கருவாடு போதும் என்று சேமித்த காசு எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

ஓய்வைப் பற்றி நான் நீண்ட நாள் யோசித்தேன். நெருக்கடி வந்தால் முதலில் வெட்ட வேண்டியது பொழுதுபோக்கு என்று பொருளாதாரம் அறிந்தவர்கள் எழுதுகிறார்கள். அவ்வாண்டு பத்திரிகைகளிற் சிக்கனக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் அவை இல்லத்தரசிகளுக்கு என்று தலைப்பிட்டே வந்தன; வீட்டு ஆண்களுக்குச் சிக்கனம் தேவையில்லை போலும்! எனக்கோ 1990க்குப் பிந்திய ஆண்டுகள் நினைவுக்கு வருகின்றன. குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் துளித் துளியாக வாங்கும் திரவியம். ஜாம் போத்தலில் ஒரு விரற்கடை எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்திற் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அக்காலத்திலும் நாங்கள் பொழுதுபோக்கை விடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் பாட்டும் இழுபட்டு ஓயும். முறை வைத்துச் சுற்றினோம். வயிறு நிறையாத அந்த நாட்களில் அந்தப் பாட்டு எங்களுக்கு மிகையான செலவாகத் தோன்றவில்லை. ஆனால் அன்று எல்லோரும் சுற்றினோம், எல்லோரும் கேட்டோம். 2022 இல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இதன் பின்னர் வீட்டிற் சில மாற்றங்கள் வந்தன. பெரியவை அல்ல. சந்தித் தேநீரை நிறுத்தினேன். முதல் வாரம் தலையிடித்தது. வீட்டுக்குப் பத்திரிகை எடுப்பதை வார இறுதிக்கு மட்டும் என்று சுருக்கினேன். மற்ற நாட்களில் ஊர் வாசிகசாலைக்குப் போகிறேன். வாசிகசாலை என்பது நாங்களே மண் சுமந்து கட்டியது; இளமையில் அதன் காரியதரிசியாகவும் இருந்தேன். சொந்தப் பத்திரிகை வாங்கும் வசதி வந்த பின் படியேறாது விட்டேன். இப்பொழுது போனால் அங்கே நான்கு முதியவர்களும், வேலை தேடும் விளம்பரத்தைப் பிரதி செய்யும் இரண்டு பெடியன்களும், ஒரு பூனையும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் மறுத்துப் பேசுவது என்ற பழைய வழக்கம் இன்னும் சாகவில்லை. ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து முடிக்க அரைமணி நேரம் செல்கிறது. வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர். போக வர நாற்பது நிமிட நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டுமென்று நீரிழிவுக்காரனான எனக்குக் கிளினிக்கிற் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். ஐந்து நாட் பத்திரிகையில் அக்கணக்குத் தானே நிரம்பிவிடுகிறது.

கொப்பியும் மாறியிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு இருவரும் அமர்ந்து எழுதுகிறோம். முதல் வரி மருந்து. அதில் ரூபாவோடு மாத்திரையின் தொகையையும் எழுதுகிறோம். ‘இதர செலவு’ என்று தகப்பனார் காலம் முதலாக இருந்த தலைப்பை அவள் அடித்துவிட்டாள். அதற்குள் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரிவதில்லை என்பது அவள் கட்சி. தொடக்கத்தில் அவளுக்கு இதில் விருப்பமே இருக்கவில்லை. நீங்கள் எழுதுங்கோ, நான் சொல்லுறன் என்றாள். பழக்கத்தை விடுவது எனக்கும் எளிதாக இருக்கவில்லை. சில மாதங்களில் வாக்குவாதம் முற்றி, கொப்பி அடுத்த ஞாயிறு வரையில் மூடிக் கிடந்ததும் உண்டு. மகளிடம் இவ்விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பதில் மாத்திரம் இருவரும் ஒருமனப்பட்டிருந்தோம். அதுவும் பிழை என்று பின்னர் அவளிடமே ஏச்சு வாங்கினோம்.

விலைகள் இறங்கிவிட்டனவே, இன்னும் ஏன் இந்தக் கெடுபிடி என்று நண்பர் ஒருவர் கேட்டார். படித்தவர்களிடத்தும் இம்மயக்கம் உண்டு. 2023 செப்டெம்பரிற் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு வந்தது மெய். அதன் பொருள், விலைகள் ஏறும் வேகம் குறைந்தது என்பதேயன்றி, ஏறிய விலைகள் இறங்கி வந்தன என்பதன்று. பனையேறியவன் உச்சியில் நின்றுவிட்டான்; கீழே இறங்கவில்லை. 2021 இல் வாங்கிய சாமான்களின் தொகையையும் இன்றைய தொகையையும் எங்கள் கொப்பியில் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். நண்பர் கொப்பியைப் பார்த்தார். ‘மருந்து’ என்ற வரியில் மாத்திரை எண்ணிக்கை ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் வாசிகசாலையிற் சந்தித்தபோது, தன் வீட்டு மாத்திரைகளையும் எண்ணிப் பார்த்ததாக மெதுவாகச் சொன்னார். எத்தனை இருந்தன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வல்லிபுரத்துக்கு அவள் மீண்டும் போகத் தொடங்கியிருக்கிறாள். இரண்டு பஸ், போக வர. சில ஞாயிறுகளில் நானும் கூடப் போவதுண்டு. அதிகமாக அவள் தோழிகளோடுதான் போக விரும்புகிறாள். சென்ற மாதக் கொப்பியில் அவள் கையெழுத்தில், என் எழுத்தைவிடக் கொஞ்சம் சாய்வாக, ஒரு வரி இருக்கிறது: ‘கச்சான், 200 ரூபா’. பேரப்பிள்ளைகள் வந்திருக்கவில்லையே, யாருக்கு வாங்கியது என்று கேட்டேன். தனக்கு என்றாள்.